பெட்டியின் மேல் இரண்டு தேதிகள்

ஜெர்மன் மின் எஞ்சின்களின் மாதிரிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோப்பிங்கனிலும் சோன்பெர்கிலும் மற்ற ஊர்களிலும் அடுத்த ஆண்டுக்கான பட்டியலைத் தயார் செய்துகொண்டிருப்பவர்களுக்கு, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் 1:87 அளவில் ஒரு 101 வகை எஞ்சின் வாங்கினேன். வழக்கமான சிவப்பு அல்ல, உடம்பு முழுக்க விளம்பரம் சுற்றியது. முன்பதிவு செய்துவிட்டு ஏழு மாதம் காத்திருந்தேன். பெட்டி வந்த அன்று இரவு மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே படம். அசல் எஞ்சினில் இடப்பக்கம் ஒரு வாசகம், வலப்பக்கம் வேறொரு வாசகம். நடைமேடையில் நின்று நானே இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தயாரித்தவர்களுக்கு எழுதினேன். "பெட்டியில் ஐந்தாம் சகாப்தம் (ரயில் வரலாற்றின் காலப் பிரிவு) என்று போட்டிருக்கிறோமே, அது சரிதானே" என்று பதில் வந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது அவர்களைப் பற்றிய கடிதமாகிவிடும். எனக்குக் கேட்க வேண்டியது உங்கள் எல்லாரிடமும்.

அந்தச் சகாப்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய மாதிரி ரயில் விதிகளின்படி ஐந்தாம் சகாப்தம் ஏறக்குறைய 1990 முதல் 2006 வரை. பதினாறு ஆண்டுகள். சாதாரணச் சிவப்பு எஞ்சினுக்கு அது போதும். ஆனால் விளம்பரத் தாள் ஒட்டிய எஞ்சினின் ஆயுள் சில சமயம் சில மாதங்கள்தான். ஒப்பந்தம் முடிந்தால் உரித்துவிட்டு அடுத்ததை ஒட்டுவார்கள். "ஐந்தாம் சகாப்தம்" என்று மட்டும் எழுதுவது, கல்யாணப் பத்திரிகையில் தேதி போடாமல் "இந்த நூற்றாண்டில்" என்று அச்சடித்த மாதிரி.

சரி, விளம்பரக் காலத்துக்கு முன்பும் இதே கதைதான். 1950களின் மேற்கு ஜெர்மனியில் வண்ணத்துக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வேகமான மின் எஞ்சின் என்றால் நீலம், சரக்கு இழுப்பது என்றால் பச்சை. விரைவு வகையான ஈ10 நீலம், சரக்கு வகையான ஈ40 பச்சை. உள்ளூர் ரயில்களுக்கான ஈ41களில் தொடக்க காலத்தவை மட்டும் நீலமாக வந்து குழப்பின, பிறகு அவையும் பச்சைக்குப் போயின. இந்த ஒழுங்கை உடைத்தது 1962இன் ரைன்கோல்ட் விரைவு ரயில். கண்ணாடிக் கூண்டு வைத்த புதுப் பெட்டிகள், கோபால்ட் நீலமும் வெளிர் மஞ்சளும். அதற்கென்று கூர்முகம் வைத்த புது எஞ்சின்கள் செய்யச் சொல்லியிருந்தார்கள். முகத்தின் நடுவில் விழும் மடிப்பைப் பார்த்து ரசிகர்கள் அதற்கு "ப்யூகல்ஃபால்டே" என்று பெயர் வைத்தார்கள். இஸ்திரி போட்ட பேன்ட்டின் மடிப்பு என்று பொருள்.

ரயில் கிளம்பும் நாள் வந்துவிட்டது, மடிப்பு முக எஞ்சின்கள் வரவில்லை. என்ன செய்தார்கள்? சாதாரணச் சதுர முக ஈ10களில் ஆறைப் பிடித்து, மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடும்படி மாற்றி, ரைன்கோல்ட் வண்ணம் பூசி, 1239 முதல் 1244 வரை எண் கொடுத்து அனுப்பினார்கள். புதியவை வந்ததும் இவற்றின் அலங்காரம் கலைந்தது. எண்ணும் பழையபடி 239 முதல் 244 வரை என்று திரும்பியது. அந்தச் சதுர முகத்தில் அந்த நீலமும் வெளிர் மஞ்சளும் இருந்தது அவ்வளவு கொஞ்ச காலம். எனக்கு மடிப்பு முகத்தைவிட இந்த இடைக்கால மாப்பிள்ளைதான் பிடிக்கும். கடன் வாங்கிய சட்டை, ஆனால் மிடுக்காக நிற்கிறது. இதன் மாதிரியைக் கையில் எடுக்கும் ஒரு பையனுக்கு இந்தக் கதை தெரிய வேண்டுமென்றால் பெட்டியில் ஆண்டு இருந்தாக வேண்டும். "மூன்றாம் சகாப்தம்" என்று மட்டும் இருந்தால், சதுர முக எஞ்சின்கள் எல்லாமே இப்படித்தான் ஓடின என்று நினைத்துவிடுவான்.

கிழக்குப் பக்கத்தில் இன்னொன்று. 1982இல் லைப்ஸிக் கண்காட்சியில் ஹென்னிக்ஸ்டார்ஃப் ஆலை 212 001 என்ற முன்மாதிரியைக் காட்டியது. உடம்பு வெள்ளை, சிவப்புப் பட்டை. அதனால் "வெள்ளைச் சீமாட்டி" என்று பெயர் நின்றுவிட்டது. பிற்பாடு அதன் பல்சக்கர விகிதத்தை மாற்றி, 243 001 என்று பெயர் சூட்டினார்கள். இரு ஜெர்மனிகளும் சேர்ந்த பின் 1992இல் 243 வகை முழுவதும் 143 ஆனது. ஒரே எஞ்சினுக்கு மூன்று எண்கள். வெள்ளை உடம்பில் 143 001 என்று யாராவது அச்சிட்டால், அது ஒரு நாட்டின் பிரிவையும் இணைப்பையும் ஒரே நாளில் நடந்ததாகக் காட்டிவிடும். ஒரு எண்தானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1974இல் கடல் நீலமும் வெளிர் மஞ்சளும் பொது வண்ணமாக வந்தபோது பழைய எஞ்சின்களும் தப்பவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறந்த ஈ94, நீண்ட மூக்கால் "முதலை" என்று பெயர் வாங்கிய சரக்கு எஞ்சின், அப்போது 194 வகை. அதில் 194 178க்கும் அந்த நீலம் கிடைத்தது. தாத்தாவுக்குப் பேரன் சட்டையை மாட்டிவிட்டது போல இருக்கும். அப்போது திட்டினார்கள், இப்போது அந்த மாதிரியைத் தேடி அலைகிறார்கள். விரைவு ரயில் இழுத்த 103 வகையில் 220ஆம் எண் எஞ்சினுக்கு 1995இல் சுற்றுலா ரயிலுக்காக வண்ணமயமான உடை போட்டபோது "சொர்க்கப் பறவை" என்று கேலியாகவும் பாசமாகவும் அழைத்தார்கள். அதே 103இல் 233க்கு மட்டும் புதுக்காலப் போக்குவரத்துச் சிவப்பு கிடைத்தது. இப்படி ஒற்றை ஆளாக நிற்கும் எஞ்சின்களைத்தான் நீங்கள் ஆசையாகச் செய்கிறீர்கள், நாங்களும் ஆசையாக வாங்குகிறோம். அப்படியானால் அந்த ஒற்றை ஆளின் பிறந்த தேதி பெட்டியில் ஏன் இல்லை?

உங்கள் வேலையின் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. எஃகுத் தகட்டில் செதுக்கிய பள்ளத்தில் மையை நிரப்பி, மென்மையான சிலிக்கான் திண்டால் அதை எடுத்து, வளைந்த பிளாஸ்டிக் உடம்பில் அழுத்துகிறீர்கள். ஒரு நிறத்துக்கு ஒரு தகடு, ஒரு அழுத்தல். பத்து நிறம் இருந்தால் பத்துத் தடவை அந்தச் சின்ன உடம்பு ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். கால் மில்லிமீட்டர் தள்ளினால் முகமே கோணிவிடும். இரண்டு பக்கமும் வேறு வேறு படம் என்றால் தகடுச் செலவும் கூடும். எனக்கு வந்த 101இல் ஒரே படம் இரண்டு பக்கமும் ஏறியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பணம் மிச்சம் பிடிப்பது குற்றமில்லை. பெட்டியில் சொல்லிவிட்டால் போதும்: "வலப்பக்கம் அசலிலிருந்து மாறுபடும்." மூன்றே சொற்கள், அதையும் படித்துவிட்டு நான் வாங்கியிருப்பேன்.

நிறத்தின் அடர்த்தியைப் பற்றி நான் சண்டை போடவில்லை. அசல் வண்ணத்தை ரால் எண்படி (வண்ணங்களுக்கான தர எண்) அப்படியே எடுத்துச் சின்ன உடம்பில் பூசினால் கூடுதல் இருட்டாகத் தெரியும். அதனால் சற்று வெளுக்க வைக்கிறீர்கள். அது உங்கள் கண்ணின் தீர்ப்பு, அதை மதிக்கிறேன். 103இன் சிவப்பு சரியில்லை என்று ஒரு மாலை முழுவதும் வாதாடும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பாவம், அவர்கள் வீட்டு விளக்கே மஞ்சள்.

இன்னொரு பிரச்சினை, நடக்காத வண்ணங்கள். ஒரு எஞ்சின் ஒருபோதும் அணியாத உடையை உங்கள் வடிவமைப்பாளர் கற்பனையில் போட்டுச் சிறப்புப் பதிப்பாக விற்பது. பண்டிகை எஞ்சின், நினைவு எஞ்சின், கடைக்கான எஞ்சின். குழந்தைகளுக்கு அவை பிடிக்கும், எனக்கும் ஒன்றிரண்டு பிடிக்கும். ஆனால் அசல் எஞ்சின்களே இப்போது பழைய உடை போடத் தொடங்கிவிட்டன. ஐ.சி. (இன்டர்சிட்டி) விரைவு ரயில்களுக்கு 50 வயதானபோது, 2021இல், 101 013 பழைய சிவப்பு-வெளிர் மஞ்சள் சாயலில் வந்தது. 1990களில் பிறந்த எஞ்சினுக்கு 1970களின் உடை! இது கற்பனை என்று கடையில் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அசலே கற்பனை போலத் தெரியும்போது, கற்பனையை அசல் பக்கத்தில் பெயரில்லாமல் வைத்தால் யாரால் பிரிக்க முடியும்?

ஸ்டுட்கார்ட்டில் 146 227 எஞ்சின் ஸ்டுட்கார்ட்-உல்ம் ரயில் திட்டத்தின் விளம்பரத்தைச் சுமந்து ஓடியது. அந்தத் திட்டத்தை எதிர்த்து ஊரில் பெரும் கூட்டம் தெருவுக்கு வந்ததை நினைத்தால், அந்த வண்ணம் வெறும் வண்ணமல்ல. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை அது தண்டவாளத்தில் இருந்தது என்று தெரிந்தால்தான், நான் என் மேசையில் அதற்குப் பக்கத்தில் எந்தப் பெட்டிகளை நிறுத்துவது, நடைமேடையில் என்ன பலகை வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

ஆகவே கேட்பது இதுதான். பெட்டியின் குறுகிய பக்கத்தில், பொருள் எண்ணுக்குக் கீழே ஒரு வரி: இந்த வண்ணம் இந்த எண் எஞ்சினில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது. தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் போடுங்கள், அதுவும் தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். கற்பனை வண்ணமென்றால் "கற்பனை" என்று எழுதுங்கள். எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தீர்கள், அது எந்தப் பக்கத்தின் படம் என்பதைக் கையேட்டில் சேர்த்தால் இன்னும் நல்லது.

என்னிடம் இருக்கும் 101இன் இரண்டு பக்கப் படங்களையும் தேதியோடு தரத் தயார். வலப்பக்கம் கொஞ்சம் ஆடியிருக்கிறது, ஆனால் எழுத்து படிக்க வருகிறது.

அன்புடன்,
உங்கள் நீண்ட கால வாடிக்கையாளன்