அந்த 200 கிராம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது, கோபித்துக்கொள்ளாதே. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன், இந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

உங்கள் ஆபீஸிலும் எடை குறைப்புப் போட்டி வைக்கிறார்கள், உன்னைத்தான் ஒரு அணிக்குக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஹாஸ்டலில் பூரி நாள் வந்தால் தட்டோடு முதல் ஆளாக நின்றவன் கேப்டனா! நம்ம வார்டன் கேட்டால் மயங்கி விழுவார். சரி, நீ ஆரம்பிக்கும் முன் எங்கள் கிளையில் நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும்.

பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினோம். நாலு நாலு பேராக ஐந்து அணி, 12 வாரம், ஆளுக்கு 500 ரூபாய். கிலோவில் பார்த்தால் கனமான ஆட்களுக்குத்தான் சாதகம் என்பதால், எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது என்று கணக்கு. எங்கள் அணியில் நான், கேஷியர் அக்கா, லோன் தம்பி, வாட்ச்மேன் அண்ணன்.

எனக்கு அது தேவையாக இருந்தது மாப்ள. டிசம்பரில் பார்த்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 6.1. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். அப்பாவின் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு படுத்திருந்தவன் நீ. உனக்கு விளக்க வேண்டியதில்லை.

காலை ஐந்தரைக்குத் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், நாலு சுற்று நடப்போம். எத்தனை வருஷமாக நானும் தனியாக நடக்கப் பார்த்தேன், ஒரு வாரம் தாண்டியதில்லை. மூன்று பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்றால் எழுந்துவிடுகிறோம். மதியம் நாலு டிபன் பாக்ஸும் ஒரே மேஜையில். சோறு பாதி, காய் இரண்டு மடங்கு, சுண்டலோ முட்டையோ கூட. வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக் கொள்ளு ரசத்துக்கு அடிதடியே நடக்கும். கல்லூரி முடிந்த பிறகு அப்படி நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்துச் சாப்பிட்டது இப்போதுதான்.

முதல் வாரமே எனக்கு இரண்டு கிலோ இறங்கியது. ரொம்ப சந்தோஷப்படாதீர்கள், பெரும்பகுதி தண்ணீர்தான் என்றார் டாக்டர். உடம்பு சேர்த்து வைத்த மாவுச்சத்து செலவாகும்போது, அதோடு இருந்த தண்ணீரும் போய்விடுமாம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கடைசி சனிக்கிழமை கணக்குப் போட்டேன். எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து இன்னும் 200 கிராம் இறங்கினால் முதலிடம். "200 கிராம்தான், யாரும் விட்டுடாதீங்க" என்று குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

அக்கா அன்று ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏப்ரல் வெயிலில் தண்ணீரும் இரண்டு மடக்குதான். பிரஷர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார். திங்கள் காலை எடை மிஷின் மேல் ஏறக் காலைத் தூக்கியவர் அப்படியே சுவரோடு சரிந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தால் ஜில்லென்று இருந்தது, வேர்வையில் வழுக்கியது. வீட்டு நம்பர் தேடி லோன் தம்பி அவர் பையைத் திறந்தான். ஒரு டப்பாவில் பொடி தடவிய இரண்டு இட்லி. எடை பார்த்ததும் சாப்பிடக் கொண்டுவந்தாராம்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "என்னால டீம் தோத்துடக் கூடாதுன்னு நினைச்சேன் தம்பி" என்றார். அக்காவின் எடையே 61 கிலோ. குறைக்க அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நாலாவது ஆள் வேண்டும் என்று நான் கேட்டதற்காகச் சேர்ந்தவர்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். 200 கிராமுக்கு 1,500 கலோரிக்கு மேல். ஒரே நாளில் அது எங்கே கரையும்? ஆனால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் மிஷினில் அதே 200 கிராம் ஏறிவிடும். அந்த ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் அக்கா குடிக்காமல் இருந்தார். இதை நினைத்துப் பல ராத்திரி தூங்கவில்லை மாப்ள.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிச் சொன்னார். என்னைப் போல விளிம்பில் இருந்தவர்களை நடக்கவைத்து, சாப்பாட்டை மாற்றியதில், சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்ததாம். அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை! அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் மறுபடி தொடங்கினோம். பணம் இல்லை, எடை மிஷின் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் ஆளுக்கு ஐந்து புள்ளி, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை டேப் வைத்து இடுப்பளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80-க்கும் கீழே இருக்க வேண்டும். நான் அக்காவைக் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? முதல் நாள் காலையில் தெப்பக்குளத்தில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். 88 கிலோவிலிருந்த நான் இப்போது 82 கிலோ, மூன்று மாதச் சர்க்கரை 5.8.

நீ கேப்டனாக இரு, சந்தோஷம். ஆனால் உன் அணியில் யாராவது பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை போடுகிறார்களா என்று முதலில் தனியாகக் கேள். இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். எடை பார்க்கும் நாளில் எல்லாரும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மிஷினில் ஏற வேண்டும் என்று விதி போடு. உன் ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதைப் படித்ததும் தங்கச்சியிடம் தையல் டேப்பை வாங்கி உன் இடுப்பை அளந்து எழுது. வயிற்றை எக்காமல் அள. உன்னை எனக்குத் தெரியும்.

விடிகாலையில் எழுந்திருக்க வேண்டும், நிறுத்துகிறேன்.

உன்
மாப்ள