ஜூனில் வேண்டிய பணம் பிப்ரவரியில் வந்து என்ன செய்ய?

நிதித்துறைச் செயலாளருக்கும் பள்ளிக்கல்வித் துறைச் செயலாளருக்கும் வணக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். மகள் நாலாவது படிக்கிறாள். பட்ஜெட் அன்று டிவியில் பள்ளிக்கல்விக்கு இத்தனை கோடி என்று ஓடும்போது நானும் நின்று பார்ப்பேன். 2024-25-க்கு 44,042 கோடி, 2025-26-க்கு 46,767 கோடி. இதில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வாத்தியார் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது. நான் கேட்க வந்தது அந்தக் கோடிகளுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் ஒரு சின்னத் தொகையைப் பற்றி. பள்ளி மானியம்.

சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், பினாயில், உடைந்த ஜன்னல் கொக்கி, எல்லாம் இதிலிருந்துதான். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 60 பங்கு ஒன்றிய அரசும் 40 பங்கு மாநிலமும் போட்டுத் தருவது. 31 முதல் 100 பிள்ளைகள் இருந்தால் வருஷத்துக்கு 25,000 ரூபாய். 30-ம் அதற்குக் கீழும் என்றால் 10,000. அதிலும் பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குச் செலவழித்தாக வேண்டும்.

எங்கள் பள்ளியில் 33 பேர் இருந்தார்கள். இரண்டு குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயின, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. 29 ஆனது. நாலு பிள்ளைகள் போனதற்குப் பதினைந்தாயிரம் போய்விட்டது. அதே கூரை, அதே கழிப்பறை, அதே இரண்டு வகுப்பறை. பிள்ளை குறைந்தது என்று தண்ணீர்த் தொட்டி சுருங்கிவிடவில்லை. 2018-ல் இந்தத் திட்டம் வந்தபோது 29 பேர் உள்ள பள்ளிக்கும் 25,000 ரூபாய்தான் விதி. பிறகுதான் 30 என்ற கோட்டைப் போட்டு, சின்னப் பள்ளிகளைக் கீழே தள்ளினார்கள். விலைவாசி ஏறியது, மானியம் இறங்கியது. இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்கள் ஒரு கழிப்பறைக் கதவு மாற்ற என்ன கேட்கிறார்கள் என்று ஊரில் ஒரு தச்சரிடம் விசாரித்திருக்கலாம்.

சரி, பத்தாயிரமே ஆகட்டும். அது எப்போது வருகிறது? பள்ளி திறப்பது ஜூனில். வெள்ளை அடிப்பது, தொட்டி கழுவுவது, பதிவேடு வாங்குவது எல்லாம் அப்போதுதான். எங்களுக்கு ஒரு வருஷம் பிப்ரவரியில் வந்தது, அதுவும் பாதி. இப்போதெல்லாம் பணமாகக்கூட வருவதில்லை, இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள், மார்ச் 31 தாண்டினால் அதுவும் போச்சு. ஆறு வாரத்தில் ஒரு வருஷத்தின் செலவைக் காட்ட வேண்டும் என்றால் என்ன நடக்கும்? தேவையானதை வாங்க மாட்டோம், பில் கிடைப்பதை வாங்குவோம். அந்த வருஷம் நாங்கள் இரண்டு குப்பைத் தொட்டி கூடுதலாக வாங்கினோம். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஜூனிலிருந்து பிப்ரவரி வரை பள்ளி எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். தலைமையாசிரியை தன் சம்பளத்திலிருந்து போட்டார். அப்புறம் ஸ்டேஷனரி கடையில் கடன் சொன்னார்.

ஒன்றிய அரசு பணம் தரவில்லை என்பீர்கள். தெரியும். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று, இதே ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடியை நிறுத்தினார்கள், மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டையில் நான் மாநிலத்தின் பக்கம்தான். பிள்ளைகளின் காசைப் பிடித்து வைத்துக்கொண்டு கையெழுத்து கேட்பது நியாயமில்லை. ஆனால் மானியம் தாமதமாவது அந்தச் சண்டைக்கு முன்பும் நடந்ததுதான், எந்த ஆட்சியிலும் நடந்ததுதான். டெல்லியைக் காட்டி இதைக் கடந்துவிட முடியாது.

உங்களால் முடியாது என்று நான் நம்பவும் இல்லை. காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. மாநிலத்தின் சொந்தப் பணம். எங்கள் பள்ளியில் காலையில் உப்புமா ஆவி பறக்க வந்துவிடுகிறது, தவணை பாக்கி என்று ஒரு நாளும் அடுப்பு அணைந்ததில்லை. பிள்ளைக்குக் காலையில் பசிக்கும் என்று புரிந்த அரசாங்கத்துக்குப் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பதும் புரியுமே?

நான் கேட்பது பெரிதில்லை. மானியத்தில் பாதியை மாநிலமே முன்பணமாக ஜூன் முதல் வாரத்தில் விடட்டும், ஒன்றிய அரசின் பங்கு வரும்போது கழித்துக்கொள்ளட்டும். ஜனவரிக்குப் பிறகு விடும் பணத்தை மார்ச் 31-ல் பறிக்காமல் அடுத்த பள்ளி திறப்பு வரை விட்டுவையுங்கள். அப்புறம் அந்த 30 பேர் கோடு. கோட்டுக்குக் கீழே உள்ள பள்ளிக்கு மாநிலம் 15,000 சேர்த்துக் கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஒரு பேச்சுக்குப் பத்தாயிரம் பள்ளிகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 15 கோடி ஆகிறது. 46,767 கோடியில் 15 கோடி. பட்ஜெட்டில் பள்ளிக்கல்வித் துறைக்கான மானியக் கோரிக்கை எண் 43-ன் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி போதும்.

இன்னொன்றும் செய்யலாம், செலவே இல்லாதது. எவ்வளவு ஒதுக்கினோம் என்று சட்டமன்றத்தில் சொல்கிறீர்கள் அல்லவா, போன வருஷ மானியம் எந்தத் தேதியில் எத்தனை பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் மாவட்டவாரியாக வெளியிடுங்கள். எங்களிடம் தினமும் பிள்ளைகளின் வருகைப்பதிவை எமிஸ் என்ற உங்கள் இணையப் பதிவில் கேட்கிறீர்கள், பணத்தின் வருகைப்பதிவை நாங்கள் கேட்கக் கூடாதா?

எங்கள் தலைமையாசிரியை கைக்காசு போட்டதையும் கடைக்கடனையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கடைசியாக நான் பார்த்தபோது 6,840 ரூபாய் பாக்கி. நோட்டு பள்ளி பீரோவில், பதிவேடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த முறை ஆய்வுக்கு வருபவரிடம் அதையும் கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.