நட்சத்திர ஆமைக் காவலுக்கு நன்கொடை கேட்கிறோம்

அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பணம் கேட்கத்தான் இதை எழுதுகிறோம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடும் ஆந்திராவும் தொட்டுக்கொள்ளும் எல்லையோரத்தில் இருக்கின்றன எங்கள் மூன்று ஊர்கள். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், கல்லாங்குத்து, காரையும் சூரையும் கிளுவையும் மண்டிய புதர்க்காடு. அந்தக் காட்டு நட்சத்திர ஆமைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அதைத் தடுக்க ஊர்க்காரர்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைக்க முடிவு செய்திருக்கிறோம். வரும் மழைக்காலத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் வேண்டும்.

ஊர்ப் பெயர்களை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் ஆமை பிடிக்கிறவனுக்கு நாங்களே வழி சொன்னதாகிவிடும். எங்கள் குழுவில் யாரையாவது நேரில் தெரிந்தவர்கள் ஊருக்கே வந்து பார்க்கலாம், கணக்கு நோட்டைப் புரட்டலாம், கேள்வி கேட்கலாம்.

நட்சத்திர ஆமையைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். இது தரையில் வாழும் ஆமை, குளத்து ஆமை இல்லை. குட்டி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வளர்ந்த பிறகு ஆணைவிடப் பெண் நன்றாகப் பெரிதாக இருக்கும். கருத்த ஓட்டின் மேல் சின்னச் சின்ன மேடுகள், ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிராக விரிந்து இறங்கும். தனியாகத் தூக்கிப் பார்த்தால் அவ்வளவு பளிச்சென்று இருக்கிற அந்த ஓடு, காய்ந்த புல்லுக்குள் வைத்துவிட்டால் இரண்டடி தள்ளி நிற்கிறவர் கண்ணுக்குக்கூடத் தெரியாது. புல்லின் நிழலும் அதனிடையே விழுகிற வெயிலும் எப்படி இருக்குமோ, அந்த ஓட்டின் கோலமும் அப்படித்தான். சருகு சலசலப்பதை வைத்துத்தான் எங்கள் ஆடு மேய்க்கிற பெரியவர்கள் ஆமை இருப்பதைக் கண்டுபிடிப்பார்கள். கோடையில் புதருக்கடியில் அசையாமல் கிடக்கும். முதல் மழை விழுந்து புல் துளிர்த்ததும் காலையிலும் சாயங்காலத்திலும் வெளியே வந்து மேயும், சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்றுவிட்டு வாயெல்லாம் சிவப்பாக நடந்து போகும்.

வினை என்னவென்றால், அது வெளியே வருகிற அதே மழை நாட்களில்தான் வியாபாரியின் ஆளும் வருகிறான். அவன் காட்டுக்குள் இறங்குவதே இல்லை. டீக்கடையில் உட்கார்ந்து ஆடு மேய்க்கிற பையனிடமும் களை எடுக்கப் போகிறவரிடமும் சொல்லி வைப்பான், அவ்வளவுதான். நாள் முழுக்க காட்டில் இருக்கிறவர்களுக்கு ஆமையை எடுப்பது பெரிய வேலை இல்லை. அது ஓடாது, கடிக்காது, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். எடுத்தவர் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நாள் கூலிக்கும் குறைவு. எல்லை தாண்டி, நகரம் தாண்டி, பாங்காக் பக்கமோ கோலாலம்பூர் பக்கமோ போய்ச் சேரும்போது அதன் விலையே வேறு.

எவ்வளவு போகிறது என்று கேட்பீர்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஆந்திராவில் ஒரே ஒரு வியாபார மையத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, வருடத்துக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்படுகின்றன என்று சொன்னது. காட்டுயிர் வியாபாரத்தைக் கண்காணிக்கிற டிராஃபிக் அமைப்பு 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரையிலான பத்து வருடத்தைக் கூட்டிப் பார்த்தது. இந்தியாவில் கள்ளச் சந்தைக்குப் போன தரை ஆமைகளும் நன்னீர் ஆமைகளும் சேர்ந்து குறைந்தது 1,11,310 என்று வந்தது. அதில் ஏறக்குறைய பாதி நட்சத்திர ஆமைகள். இது வெளியே தெரிய வந்த எண்ணிக்கை மட்டும். சென்னை விமான நிலையத்தின் சரக்குப் பிரிவிலேயே, உயிருள்ள நண்டு என்று எழுதி தாய்லாந்துக்கு அனுப்பவிருந்த பெட்டிகளைச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர ஆமைகளை ஒரே தடவையில் எடுத்திருக்கிறார்கள்.

போன வருடம் எங்கள் ஆட்கள் ஒரு பாலத்தடியில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். உரச்சாக்கு ஒன்று, வாய் கட்டி, ஈரமாகக் கிடந்தது. அவிழ்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஆமைகள். நகம் பிறாண்டுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று நான்கு காலையும் ஓட்டோடு சேர்த்து பழுப்பு நிற டேப்பால் சுற்றியிருந்தார்கள். அடியில் இருந்தவற்றின் ஓட்டில் கீறல், கண்ணில் பீளை. வனத்துறைக்கு போன் போட்டு ஒப்படைத்தோம். ரேஞ்சர் ஆபீஸிலிருந்து வந்தவர் டேப்பைக் கத்தியால் அறுக்காமல், தண்ணீர் தொட்டுத் தொட்டு மெதுவாக உரித்தார். அதற்கே நெடுநேரம் ஆனது.

சரி, பிடிபட்டதைத் திரும்பக் காட்டில் விட்டுவிட்டால் போயிற்றே என்று பலர் கேட்கிறார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. பிடிபட்ட ஆமை எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. நாலு ஊர் ஆமைகளை ஒரே பெட்டியில் அடைத்து வைப்பதால் ஒன்றின் நோய் மற்றதற்கு ஒட்டிக்கொள்ளும், அப்படியே கொண்டுபோய் விட்டால் காட்டில் நன்றாக இருக்கிறவற்றுக்கும் போகும். போதாததற்கு, குஜராத், ராஜஸ்தான் பக்கத்து நட்சத்திர ஆமைகளும் நம் தென்னிந்திய ஆமைகளும் மரபணுவில் வேறு வேறு கிளைகள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கண்டபடி கலந்து விடக்கூடாது. 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகளை விமானத்தில் பெங்களூருக்குக் கொண்டு வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த 51 உயிருக்கு இரண்டு நாட்டு அனுமதி, மருத்துவச் சோதனை, தனிமைப்படுத்தி வைக்க இடம் என்று எத்தனை பேர் உழைக்க வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான ஆமைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மிச்ச ஆயுளைக் கூண்டில்தான் கழிக்கும். அதனால்தான் எங்கள் குழு ஒரே பிடிவாதமாக இருக்கிறது: ஆமையைப் புதரை விட்டுக் கிளப்புவதற்கு முன்னால் செலவழிக்கிற ரூபாய்தான் உருப்படியான ரூபாய்.

இன்னொன்று, இது கோழிபோல் பெருகிவிடாது. பெண் ஆமை முட்டையிடும் வயதுக்கு வரவே பல வருடம் ஆகும். இடம் பார்த்து, சிறுநீர் விட்டு மண்ணை இளக்கி, பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழி தோண்டி, ஒரு தடவைக்குச் சில முட்டைகள்தான் இடும். அவை பொரிய மாதக்கணக்கில் ஆகும். பொரிந்ததில் கீரி, நரி, காக்கை, கோடைத் தீ எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம். ஒரு மழைக்காலத்தில் வளர்ந்த பெண் ஆமைகளை வழித்தெடுத்துவிட்டால் அந்தப் புதர்க்காடு பழைய நிலைக்கு வர ஒரு தலைமுறை பிடிக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் (காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாட்டில் நட்சத்திர ஆமையை முதல் பட்டியலுக்கு மாற்றினார்கள், காட்டிலிருந்து பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே கூடாது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் 2022 திருத்தத்துக்குப் பிறகு இது முதல் அட்டவணையில் இருக்கிறது. மாட்டினால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வீட்டில் ஆசைக்கு வளர்ப்பதும் குற்றம்தான். ஆனால் சட்டப்படி உள்ளே போகிறது யார்? டீக்கடையில் சொல்லி வைத்தவன் போவதில்லை, சாக்கோடு நிற்கிற ஆடு மேய்க்கிற பையன்தான் போகிறான். அவன் எங்கள் பையன். அவனை முன்கூட்டியே எங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளத்தான் இந்தத் திட்டமே.

எப்படிச் செய்யப் போகிறோம் என்றால், ஊருக்கு இரண்டு பேர் வீதம் தினமும் ஆறு பேர் காலையிலும் சாயங்காலத்திலும் காட்டைச் சுற்றி வருவார்கள். ஆளுக்கு 250 ரூபாய், 100 நாள், ஆக 1,50,000. இவர்களில் முன்பு ஆமை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் இருப்பார்கள், இதை மறைக்க எங்களுக்கு ஒன்றும் இல்லை. எந்தப் புதரில் எது கிடக்கும், வெளியாள் எந்தப் பக்கம் வண்டியை நிறுத்துவான் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. காவல் என்றால் கம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவதில்லை. பார்ப்பது, வண்டி நம்பரைக் குறிப்பது, ரேஞ்சருக்கு போன் போடுவது, ஆமையைக் கையில் எடுக்காமல் இருப்பது. வனத்துறையின் அனுமதியோடும் அவர்கள் கொடுக்கிற பயிற்சியோடும்தான் இது நடக்கும்.

அடுத்த ஒரு லட்சம் கைமாற்று நிதி. வியாபாரி நம் ஆட்களைப் பிடித்து வைத்திருப்பதே முன்பணத்தில்தான். ஆட்டுக்கு நோய் வந்தால், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால், இரண்டாயிரம் மூவாயிரம் தூக்கிக் கொடுப்பான். அப்புறம் "மழை வரட்டும், ஆமையாகக் கொடு" என்பான். அதே இரண்டாயிரத்தை வட்டி இல்லாமல் ஊர்க் குழுவே கொடுத்து, ஆடு விற்றதும் திருப்பி வாங்கிக்கொண்டால் அந்தக் கயிறு அறுந்துவிடும். எங்களுக்கு இதில்தான் பெரிய நம்பிக்கை, காவலைவிடவும். மிச்சம் ஐம்பதாயிரம் தரைமட்டக் கிணறுகளைச் சுற்றிக் கல் அடுக்க (ஆமை விழுந்தால் ஏற முடியாது), கோடையில் தீத்தடுப்புப் பட்டை வெட்ட, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போக.

ஊர்க்காரர்களை நம்பிச் செய்தால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: கேரளத்தில் பய்யோளி பக்கம் கொளாவிப்பாலத்தில் கடலாமை முட்டையைத் தோண்டித் தின்பதும் விற்பதும் வழக்கமாக இருந்தது. 1992இல் அதே கடற்கரையின் மீனவ இளைஞர்கள்தான் முட்டைக்குக் காவல் நிற்கத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தில் வேளாஸ் கிராமத்திலும் அதே கதை, அங்கே குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க வருகிறவர்களைத் தங்கவைத்து ஊரே வருமானம் பார்க்கிறது. எங்களால் அந்த வழியில் போக முடியாது, கூட்டம் வந்தால் இடம் தெரிந்துபோகும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிற பயத்தில் எங்கள் ஊரில் யாரும் இதை வீட்டுக்குள் விடமாட்டார்கள். நகரத்திலோ ஆமை வைத்தால் பணம் சேரும் என்று யாரோ சொல்லி, தொட்டியில் வளர்க்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள், ஏரிக்கரையில் கொண்டுபோய் விட வேண்டாம், தண்ணீருக்குள் விட்டால் செத்துப்போகும். காட்டில் பார்த்துப் படம் எடுத்தால் இடத்தைப் போடாதீர்கள். பணம் கொடுக்க வசதி இல்லாதவர்கள் இதைச் செய்தாலே எங்களுக்குப் பெரிய உதவி.

கொடுக்கிறவர்களுக்கு: 250 ரூபாய் ஒருவருடைய ஒரு நாள் காவல், 1,500 ரூபாய் மூன்று ஊருக்கும் ஒரு நாள். அதற்குக் குறைவாகக் கொடுத்தாலும் ரசீது உண்டு. எங்கள் குழு சங்கமாகப் பதிவு பெற்றது, ஆனால் 80ஜி வரிச்சலுகை இன்னும் கிடைக்கவில்லை, அதை எதிர்பார்த்துக் கொடுக்க வேண்டாம். வெளிநாட்டுப் பணம் வாங்க எஃப்சிஆர்ஏ பதிவும் எங்களிடம் இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற, இந்தியப் பாஸ்போர்ட் உள்ள நம் பிள்ளைகள் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்ப வேண்டாம், மனசு இருப்பது தெரியும், சட்டம் இடம் கொடுக்காது.

ரொக்கம் யார் கையிலும் கொடுக்காதீர்கள், நாங்களே கேட்டாலும். கணக்கு எண்ணை இங்கே போடவில்லை. இதை உங்களுக்கு அனுப்பிய குழு உறுப்பினரிடம் கேட்டால் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கு விவரத்தைத் தருவார். மாதம் முடிந்ததும் வரவு செலவை மூன்று ஊர்களின் பால் சொசைட்டிச் சுவரிலும் ஒட்டுவோம், பணம் கொடுத்த எல்லோருக்கும் போனில் அனுப்புவோம். ஆனி முடிவதற்குள் பாதித் தொகையாவது சேர்ந்தால்தான் ஆடி முதல் வாரத்தில் ஆட்களை இறக்க முடியும்.

இப்படிக்கு,
மூன்று ஊர் ஆமைக் காவல் குழுவினர்