சாப்பாட்டு ரூமுக்குச் செங்காவி: மினியாபோலிஸ்லேருந்து ஆத்தாவுக்கு

சிவமயம்

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்க அமெரிக்காவுல நாங்க எல்லாரும் சௌக்கியம். அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலையா, தைலம் தேய்ச்சுக்கிறாகளா. ஞாயித்துக்கிழமை போன்ல பேசுறப்ப புள்ளைக நடுவுல வந்து பிடுங்கிக்கிறதுல எதையும் முழுசா சொல்ல முடியல, ஒரு ரூமுக்கு கலரு பாக்குறதுக்கு இம்புட்டு யோசனையான்னு நீங்க கேட்டதுக்கும் பதில் சொல்லாமலே வச்சுட்டேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். அப்பச்சிக்கும் படிச்சுக் காட்டுங்க.

நாங்க வாங்குன வீடு 1960கள்ல கட்டுனது. இப்ப கட்டுற வீட்லல்லாம் கிச்சன், ஹாலு, சாப்புடுற இடம் எல்லாம் தடுப்பே இல்லாம ஒண்ணாத்தான் கெடக்கு, பழைய வீடுங்கிறதால எங்களுக்கு டைனிங் தனி ரூமா இருக்கு. எட்டு பேரு நெருக்கி உக்காரலாம். வடக்கு பாத்த ஜன்னல் ஒண்ணே ஒண்ணு, வெளில ஒரு மேப்பிள் மரம். எங்களுக்கு முன்னாடி இருந்தவுக வீடு முழுக்க ஒரே பீஜ் கலரு அடிச்சிருந்தாக. சுவரு சுத்தமாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல முடியாது, ஆனா அந்த ரூம்ல உக்காந்து சாப்புடணும்னு யாருக்கும் தோணல, புள்ளைக தட்டைத் தூக்கிட்டு டிவிகிட்ட ஓடிருதுக.

இங்க யாரைக் கேட்டாலும் நியூட்ரல் கலர் அடிங்கன்னுதான் சொல்றாக. வெள்ளை, கிரீம், பீஜ், கிரே, கிரேயையும் பீஜையும் கலந்து கிரேஜுன்னு ஒண்ணு. ஷெர்வின் வில்லியம்ஸ்ங்கிற பெயிண்டு கம்பெனில அக்ரீயபிள் கிரேன்னு ஒரு கலரு இருக்கு, எனக்குத் தெரிஞ்ச பாதி வீட்ல அதான். என்ன காரணம்னா நாளைக்கு வீட்டை விக்கிறப்ப வாங்க வர்றவுக தன்னோட மேசை நாற்காலிய அங்ஙன மனசுக்குள்ள போட்டுப் பாக்கணுமாம், சுவரு வாயத் தொறக்காம இருந்தாத்தான் அது முடியுமாம். இவுகளும் அந்தக் கட்சிதான். வேலை மாறுனா விக்கத்தானே போறோம், எதுக்கு வம்புன்னாக. அவுக சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல, கடன் போட்டு வாங்குன வீடு. ஆனா எப்பவோ வரப்போற யாரோ ஒருத்தவுகளுக்காக, நாம குடியிருக்குற நாளெல்லாம் சுவத்தை வெறுமனே வச்சிருக்க எனக்கு மனசு ஒப்பல.

பெயிண்டு ஒண்ணும் மாத்தவே முடியாத சமாச்சாரம் கிடையாதே ஆத்தா. ஒரு கேலன் டப்பா ஒரு கோட்டுக்கு 350லேருந்து 400 சதுர அடி வரைக்கும் வரும், நாளைக்கே விக்கணும்னாலும் ஒரு சனி ஞாயிறு உக்காந்தா மறுபடி வெளுத்த கலரு ஆக்கிரலாம். நம்ம ஊர்ல ஆத்தங்குடி கல்லு போட்டா போட்டதுதான், பேரன் பேத்தி எடுக்குற வரைக்கும் அதே தரைதான், அப்பிடி இருந்தும் ஐயா காலத்து ஆளுக சிவப்பு பச்சை மஞ்சள்னு துணிஞ்சு எடுத்திருக்காகளே. அங்க ஒரு ஜன்னலுக்கு கலரு மாத்தணும்னாக்கூட பங்காளிக அத்தனை பேரையும் கேக்கணும், இங்க நானும் இவுகளும் சம்மதிச்சா போதும், அப்புறம் எதுக்கு பயப்படணும்.

அதுக்கு இவுக ஒண்ணு கேட்டாக பாருங்க, சரியான கேள்வி. உங்க வீட்ல சுவரு வெள்ளைதானே, செட்டிநாட்டு வீடுன்னாலே வெள்ளச் சுவருதானே, நீ மட்டும் ஏன் கலரு கலருன்னு நிக்கிறேன்னு. நான் அன்னிக்கு பதில் சொல்லல. ராத்திரி படுத்துக்கிட்டு நம்ம வீட்டை முகப்புலேருந்து ஒவ்வொரு கட்டா மனசுல நடந்து பாத்தேன். ஆமா, சுவரு வெள்ளைதான், சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து பூசி மெழுகுன சுவரு, சித்திரை மாசத்துலகூட கன்னத்தை வச்சா சில்லுன்னு இருக்கும். ஆனா சுவத்தைத் தவிர மத்த எல்லா இடத்துலயும் கலரு இருக்கு ஆத்தா. கீழ ஆத்தங்குடி கல்லு, இடுப்பு உயரம் வரைக்கும் ஜப்பான் பூக்கல்லு, பர்மா தேக்குத் தூணு, நிலைக்கு மேல பெயிண்டு, ஜன்னலுக்கு மேல சிவப்பு நீலம் பச்சைன்னு கண்ணாடி. மத்தியானம் வளவு முத்தத்துல வெயிலு நேரா இறங்கி தரைல பட்டு வெள்ளச் சுவத்துல ஏறுறப்ப அந்தச் சுவத்தோட அடிப்பக்கம் லேசா செவந்து தெரியும், நீங்க பலகாரத்துக்கு மாவு சலிச்சுக்கிட்டே இருப்பீங்க, நான் பட்டாலைத் திண்ணைல படுத்துக்கிட்டு அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். வெள்ளைச் சுவரு அங்க எடுபடுறதுக்கு அந்த வெயிலும் அந்தத் தரையும்தான் காரணம்.

இங்ஙன தரை வெளுத்த ஓக் மரம், மேல வெள்ளை, கதவு வெள்ளை. வெயிலுக்கும் வழியில்ல. காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்க 10 டிகிரி, இந்த ஊரு 45 டிகிரி, டிசம்பர்ல சூரியன் தெக்கால தாழ்வா ஓடிட்டு சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இறங்கிரும். குளிர்காலம் பூரா வடக்கு ஜன்னல்ல நேர் வெயிலு எட்டிக்கூடப் பாக்காது, வானத்து வெளிச்சம் மட்டும் நீலம் பாரிச்சாப்புல வரும். அங்க வெள்ளையோ கிரேயோ அடிச்சா அது எதைத் திருப்பிக் குடுக்கும், அந்த நீலத்தைத்தான் குடுக்கும். தரையும் கலரு தராது, வெயிலும் தராதுன்னா சுவருதானே தந்தாகணும். இதை இவுககிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சரி அட்டை வச்சுப் பாப்போம்னாக.

கடைல குடுக்குற சின்னச் சீட்டைப் பாத்து முடிவு பண்ணக்கூடாது ஆத்தா, உள்ளங்கை அளவுல நல்லாருக்குறது நாலு சுவத்துல வேற ஆளாத் தெரியும். பெரிய பெரிய வெள்ளை அட்டை வாங்கி ஒவ்வொண்ணுலயும் ஒரு சாம்பிள் அடிச்சு, சுவத்துக்குச் சுவரு மாத்தி சாச்சு வச்சு காலைல மத்தியானம் ராத்திரின்னு பாத்தோம். கிரே பகல்ல ஈரச் சிமெண்ட் மாதிரி கெடந்துச்சு. கிரீம் ராத்திரில அழகு, ஆனா மேப்பிள் இலை பச்சையா இருந்த வரைக்கும் அந்தப் பச்சை உள்ள அடிச்சு பாசி படிஞ்ச நெறமாக் காட்டுச்சு. கருநீலம் இப்ப இங்க ரொம்ப பேஷன், பகல்ல பாக்க கம்பீரமா இருந்துச்சு, லைட்டைப் போட்டா வெறும் கறுப்பு.

சிவப்புக்கு நான் சீட்டே பாக்கல. போன தடவை பொட்டில வச்சுக் குடுத்தீங்களே ஒரு ஆத்தங்குடி கல்லு, அதைத் துணில சுத்தி கடைக்கே கொண்டு போயிட்டேன். அங்க ஒரு சின்ன மிஷினு இருக்கு, பொருளு மேல வச்சு அமுக்குனா கலரைப் படிச்சு அதுக்கு எந்தச் சாயம் எவ்வளவு ஊத்தணும்னு சொல்லுது. கடைக்காரப் பையன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்தான், சூளைல சுட்டதான்னு கேட்டான். இல்லப்பா, கண்ணாடி மேல இரும்பு அச்சு வச்சு கலரைக் கரண்டில ஊத்தி, அது மேல சிமெண்டும் மணலும் தூவி, கலவை வச்சு அமுக்கி தண்ணித் தொட்டில ஊறப்போடுவாக, நெருப்பே கிடையாது, இந்த மினுமினுப்பு பூரா கண்ணாடி குடுத்ததுன்னு சொன்னேன். ஸ்கூல் படிக்கிறப்ப ஆத்தங்குடில ஒரு பட்டறைல நின்னு பாத்தது அப்பிடியே கண்ணுல நிக்குது. அவன் வேலைய விட்டுட்டு கேட்டான்.

அந்தச் செங்காவி பகல்ல கொஞ்சம் மங்கல்தான், உள்ளதைச் சொல்லணும். ராத்திரி விளக்குல ஏறுச்சு பாருங்க. இவுக சாப்புட்டுக்கிட்டே அட்டையப் பாத்துக்கிட்டு இருந்தாக, எந்திரிச்சு லைட்டைக் கொறைச்சுப் பாத்தாக, கூட்டிப் பாத்தாக, இதுவே இருக்கட்டும்னாக. நாங்க அந்த ரூம்ல பகல்ல இருக்குறதே இல்ல, ஆபீஸ் ஸ்கூல்னு போயிர்றோம், ராத்திரி சாப்பாடுதான் நாலு பேரும் சேந்து உக்கார்ற நேரம், அப்ப ராத்திரிக்கு எது அழகோ அதைத்தானே எடுக்கணும். ஹாலுக்கும் படுக்கை ரூமுக்கும் நானே நியூட்ரல்தான் சொன்னேன், நாள் முழுக்க பொழங்குற இடத்துல இம்புட்டு அழுத்தமான கலரு கண்ணைக் களைக்க வச்சிரும்.

பெயிண்டுச் சீட்டுக்குப் பின்னாடி 0லேருந்து 100க்குள்ள ஒரு நம்பர் போட்டிருப்பாக, சுவத்துல படுற வெளிச்சத்துல எவ்வளவு திரும்பி வரும்னு அதுக்கு அர்த்தம். வெள்ளைக்கெல்லாம் 80க்கு மேல, இந்த மாதிரிச் சிவப்புக்கு ரொம்பக் கம்மி. அதனால ரெண்டு சுவத்து விளக்கு சேத்துப் போட்டு, பல்பையும் 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்கு மாத்துனோம். டியூப்லைட்டு வெளிச்சத்துல சிவப்பு செத்துப் போயிரும், அங்க யாராச்சும் அடிக்கிறதா இருந்தா இதைச் சொல்லுங்க.

1978க்கு முன்னாடி கட்டுன வீடுன்னா பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், அந்த வருஷந்தான் இந்த நாட்டுல வீட்டுக்கு அடிக்கிறதுல அதைத் தடை பண்ணுனாக. சின்னவன் எதையெடுத்தாலும் வாயில வைக்கிறவன், அதனால சொரண்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிட்டோம், இல்லைன்னு வந்துச்சு. அப்புறம் கிரே ப்ரைமர், அது மேல சிவப்பு. சிவப்புச் சாயம் அடில உள்ளதை லேசுல மறைக்காது, முதல் கோட்டு காஞ்சப்ப திட்டுத்திட்டா நின்னுச்சு, மூணாவதுலதான் ஒண்ணு சேந்துச்சு. துடைச்சா போற பினிஷாப் பாத்து எடுத்தேன், மஞ்சப்பொடி தெறிக்காத சாப்பாடு நம்ம வீட்ல ஏது. பெரியவ கதவுக்குப் பின்னாடி சுவத்தை நான்தான் அடிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னு அடிச்சா, நல்லாவே அடிச்சிருக்கா. குளிரு இறங்குறதுக்கு முன்னாடி ஜன்னலைத் தொறந்து வச்சு அக்டோபர்லயே முடிச்சுட்டோம்.

இந்த வருஷம் பிள்ளையார் நோன்பு எங்க வீட்லதான். இங்க சுத்துப்பட்டுல இருக்குற நம்மவுக எல்லாரும் வர்றாக, அந்த ரூம்லதான் மாவுல திரி வச்சு ஏத்தி இழை எடுத்துக்கப் போறோம். கருப்பட்டிப் பணியாரத்துக்கு அரிசி ஊறப்போடுற அளவை மட்டும் இன்னொரு தடவை போன்ல சொல்லுங்க.

ஒரு வேலை இருக்கு ஆத்தா. நாற்காலி முதுகு உயரத்துல சுவத்தைச் சுத்தி ஒரு பட்டை வரையணும்னு நெனைக்கிறேன், ரெண்டாங்கட்டுல பந்தி போடுற பட்டாலை ஓரத்துல ஓடுதே அந்தப் பூக்கரை, அதான் வேணும். காலைல பத்து மணிக்கு மேல கதவெல்லாம் தொறந்து வச்சு, ஃப்ளாஷ் போடாம, நேர் மேலேருந்து போட்டோ எடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல டேப்பை விரிச்சு வச்சு எடுத்தா எனக்கு அளவும் கிடைச்சிரும். அப்பச்சி ஒரு கல்லைப் பேத்தே அனுப்புறேன்னு கிளம்பிருவாக, வேண்டாம்னு சொல்லுங்க, போட்டோ போதும். நோன்புக்கு முன்னாடி வந்துச்சுன்னா வரைஞ்சு முடிச்சிருவேன்.

இப்படிக்கு,
உங்க மக