43 இஞ்சு டிவியா, 27 இஞ்சு மானிட்டரா?

கண்ணு,

நீ அனுப்பின ரெண்டு லிங்க்கையும் பார்த்தேன். 43 இஞ்சு 4கே டிவியும் 27 இஞ்சு மானிட்டரும் ஏறக்குறைய ஒரே விலை. "அதே காசுக்கு அவ்வளவு பெரிசு கிடைக்கும்போது சின்னதை எதுக்கு வாங்கணும்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, அதனால் பெரிய டிவி இன்னும் கைக்கு எட்டுகிற மாதிரி தெரியும். ஆனாலும் உன் மேசைக்கு மானிட்டர்தான்.

முதலில் டேப்பை எடுத்து மேசையை அளந்து பார். 60 செ.மீ. ஆழம் என்று சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் உன் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே 60, 65 செ.மீ.தான் இருக்கும். 43 இஞ்சு டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. அந்த தூரத்தில் வேலொரண்ட் மாதிரி துப்பாக்கி கேம் ஆடினால், மூலையிலிருக்கும் மேப்பைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். 27 இஞ்சின் அகலம் 60 செ.மீ., கண்ணை ஓட்டினாலே போதும். இன்னொன்று, டிவிக்குப் பெரும்பாலும் நடுவில் ஒரு ஸ்டாண்டு இருக்காது, இரண்டு ஓரத்திலும் கால் இருக்கும். உன் மேசையில் அது எங்கே நிற்கும் என்று யோசி.

4கே (மேலிருந்து கீழாக 2160 வரி) என்றதும் அதுதான் ரொம்பத் துல்லியம் என்று நினைத்துவிடாதே. 43 இஞ்சு 4கேயில் ஓர் இஞ்சுக்கு சுமார் 102 பிக்சல். 27 இஞ்சு 1440பியில் (1440 வரி) 109. இவ்வளவு கிட்டத்தில் உட்காரும்போது டிவியில் எழுத்து ஒன்றும் கூர்மையாகிவிடாது. அதோடு சில டிவி பேனல்களில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தலைகீழ் வரிசையில் இருக்கும். விண்டோஸ் எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசியும். விண்டோஸில் எழுத்தைக் கூர்மையாக்கும் கிளியர்டைப்பைச் சரிசெய்தால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. பகலெல்லாம் அதே திரையில் ஆபீஸ் வேலையும் பார்க்கிறவள் நீ.

அடுத்தது உன் கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி மெமரி. 1080பி படத்தில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம். ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இத்தனையையும் வரைந்தாக வேண்டும். 1440பி அதற்குச் சரியான சுமை. 4கேயில் புதுக் கேம்களை ஓட்டினால் செட்டிங்கைக் கீழே இறக்கிக்கொண்டே இருப்பாய். சரி, டிவியில் 1440பி வைத்து ஆடலாமே என்றால், 2 வரியை 3 வரியாக இழுக்க வேண்டியிருக்கும், படம் மங்கும். மானிட்டரிலும் இதே கதைதான்: கேம் திணறினால் விண்டோஸில் ரெசல்யூஷனைக் குறைக்காதே. கேமுக்குள்ளேயே டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி மோடைப் போடு. அது உள்ளே 960பியில் வரைந்து 1440பிக்கு உயர்த்தும், மெனு எழுத்தெல்லாம் கூர்மையாகவே நிற்கும்.

நீ காட்டிய டிவி 60 ஹெர்ட்ஸ். படம் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் மாறும். 180 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 5.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. வேலொரண்டில் இந்த வித்தியாசம் முதல் நாளே கண்ணில் படும், ஏனென்றால் உன் கார்டு அந்த கேமை நொடிக்கு 180 பிரேமுக்கு மேலேயே ஓட்டும். எல்டன் ரிங் கேமில் ஒன்றும் தெரியாது, அது பிசியில் நொடிக்கு 60 பிரேமிலேயே கட்டப்பட்டிருக்கிறது. எனவே எல்லாமே பறக்கும் என்று எதிர்பார்க்காதே.

டிவியின் அட்டைப் பெட்டியில் 'மோஷன் ரேட் 120' என்று போட்டிருந்தால் நம்பாதே. உள்ளே 60 ஹெர்ட்ஸ் பேனலாகவே இருக்கலாம். நடுவில் இல்லாத பிரேமைத் தானாக உருவாக்கிச் செருகுகிற வேலை அது. சினிமாவுக்குச் சரி, கேமில் மவுஸ் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் ஆகிவிடும். பல டிவிகள் சாதாரண மோடில் படத்தை மெருகேற்றுகிறேன் என்று 100 மில்லிசெகண்டு வரை தாமதிக்கும். கேம் மோடைப் போட்டால் 10, 20 மில்லிசெகண்டுக்கு இறங்கும்.

மானிட்டர் பெட்டியும் லேசுப்பட்டதில்லை. '1 எம்எஸ்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எம்பிஆர்டி என்று இருக்கிறதா பார். அது பிக்சல் மாறும் வேகமல்ல, பின்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு வாங்கிய எண். அதை ஆன் செய்தால் வெளிச்சம் குறையும், கேமின் பிரேம் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் ஃப்ரீசிங்க்கும் பெரும்பாலான மானிட்டர்களில் அணைந்துவிடும். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் என்கிற 'எச்டிஆர் 400' என்பதும் பேருக்குத்தான். இருட்டுப் பகுதியில் விளக்கைத் தனியாகக் குறைக்கும் வசதி அதற்குக் கட்டாயமில்லை. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே.

ஃப்ரீசிங்க் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அதன் வரம்பைத் தேடிப் படி. 48 முதல் 75 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், கேம் 45 பிரேமுக்கு இறங்கியதும் படம் கிழியும் அல்லது தடுக்கும். 48 முதல் 144 அல்லது 180 என்றிருந்தால், 48-க்குக் கீழே போனாலும் ஒவ்வொரு பிரேமையும் இருமுறை காட்டிச் சமாளித்துக்கொள்ளும்.

பேனலில் ஐபிஎஸ், விஏ, ஓலெட் என்று வகைகள் உண்டு, நீ ஐபிஎஸ் வாங்கு. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் சுமார் 1000-க்கு 1 என்றால் விஏவில் 3000-க்கு 1 கிடைக்கும். ஆனால் விலை குறைந்த விஏக்களில் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாற நேரம் பிடிக்கும். இருட்டான குகையில் கேமராவைத் திருப்பினால் சுவர் மையைத் தேய்த்த மாதிரி இழுபடும். வளைந்த திரைகளில் பெரும்பாலானவை விஏதான், வளைவைப் பார்த்து மயங்காதே. ஓலெட் எல்லாவற்றையும்விட அழகு, விலையும் அப்படியே. தினம் எட்டு மணி நேரம் டாஸ்க்பார் ஒரே இடத்தில் நிற்கிற உனக்கு அதன் தழும்பு பதியும் பயம் வேறு.

ஸ்டாண்டில் உயரம் ஏற்றி இறக்க முடிகிறதா பார். முடியாததாக இருந்தால் பின்னால் 100க்கு 100 மி.மீ. துளைகளாவது இருக்கட்டும், பிறகு ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருந்தால் போதும்.

வந்து சேர்ந்ததும் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடு. பல கடைகள் அது இல்லாமல் மாற்றித் தருவதில்லை, ஒன்றிரண்டு டெட் பிக்சலை (வேலை செய்யாத புள்ளி) பல கம்பெனிகள் வாரண்டியில் சேர்ப்பதுமில்லை. மாற்றிக்கொள்ளும் நாள் முடிவதற்குள் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று முழுத்திரைப் படங்களைப் போட்டுப் பார். இருட்டறையில் கறுப்பைப் போட்டால் மூலைகளில் வெளிச்சம் தெரியும். தலையைப் பக்கவாட்டில் நகர்த்து. வெளிச்சம் கூடவே நகர்ந்து மங்கினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு, விட்டுவிடு. அப்படியே அதே இடத்தில் நின்றால் விளக்குக் கசிவு, திருப்பிக் கொடு.

வயரை மதர்போர்டு போர்ட்டில் செருகிவிட்டு "கேம் ஓடலை" என்று போன் பண்ணாதே! அதற்குக் கீழே, கிடைமட்டமாக இருக்கிற கிராபிக்ஸ் கார்டின் டிஸ்ப்ளே போர்ட்டில் செருகு. பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாகப் போனால் 144-உடன் நின்றுவிடும், 180 வேண்டுமென்றால் டிஸ்ப்ளே போர்ட்தான். பெட்டியோடு வந்த கேபிளையே பயன்படுத்து. மலிவான சில டிஸ்ப்ளே போர்ட் கேபிள்களில் 20-ஆவது பின்னையும் இணைத்திருப்பார்கள். அதில் மின்சாரம் திரும்பி ஏறி, கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். காரணம் தெரியாமல் பவர் சப்ளையை மாற்றுகிறவர்கள் உண்டு.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 180 ஆக்கு. விண்டோஸ் பல நேரம் 60-லேயே விட்டுவிடும், வாங்கி மாசக்கணக்கில் அப்படியே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்க்கை ஆன் செய். என்விடியா கன்ட்ரோல் பேனலில் அதே வேலையைச் செய்யும் ஜி-சிங்க்கை ஆன் செய். இரண்டில் ஒன்றை மறந்தாலும் வேலை செய்யாது. பிரேம் ரேட்டை 175-க்குக் கட்டிவிடு, 180 என்ற வரம்பில் போய் முட்டாது. பிக்சல் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவை நடு நிலையில் வை. கடைசிக்குத் தள்ளினால் ஓடுகிற உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று கூடவே ஓடும்.

பிளேஸ்டேஷன் 5 வாங்கிக் கட்டிலில் சாய்ந்து ஆடப்போகிறேன் என்கிற நாள் வந்தால் டிவி பேச்சை எடுப்போம். அப்போது 120 ஹெர்ட்ஸ் பேனலும் எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டும் இருக்கிற டிவியாகப் பார்க்கணும். நாலு போர்ட்டில் ஒன்றிரண்டுதான் 2.1 ஆக இருக்கும், எது என்று பின்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். கம்ப்யூட்டரை அதில் இணைத்தால் இன்புட்டின் பெயரையோ ஐகானையோ 'பிசி' என்று மாற்றணும். இல்லாவிட்டால் டிவி நிறத் தகவலைக் குறைத்துக் காட்டும், கறுப்பில் எழுதிய சிவப்பு எழுத்து கரைந்து தெரியும்.

ஆர்டர் போடுவதற்கு முன் மாடல் நம்பரை முழுசாக அனுப்பு, கடைசி எழுத்து வரைக்கும். ஒரே பெயரில் ஐபிஎஸ் ஒன்று, விஏ ஒன்று என்று விற்பார்கள், அந்த ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அம்மா