வாட்சில் போட்டிருக்கும் ‘30 மீட்டர்’ ஆழம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இணைப்பிதழில் விளையாட்டு வாட்சுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ஒரு வாட்சைக் காட்டி, இதைக் கட்டிக்கொண்டு 30 மீட்டர் ஆழம் வரை போகலாம் என்று போட்டிருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதே நம்பிக்கையில் 30 மீட்டர் வாட்சோடு நீச்சல் குளத்தில் இறங்கியவன் நான். கரையேறிப் பார்த்தால் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. ஒரே வாரத்தில் நொடி முள் நின்றுபோனது. பழுது பார்ப்பவர் பின்மூடியைத் திறந்துவிட்டு, “தண்ணியில போட்டீங்களா?” என்று திருடனை விசாரிப்பது போலக் கேட்டார். டயலிலேயே எழுதியிருக்கிறதே என்றேன். சிரித்தார்.

அந்த 30 மீட்டர், அழுத்தக் கணக்கு. புது வாட்சை 30 மீட்டர் தண்ணீருக்குச் சமமான அழுத்தத்தில், அதாவது 3 பாரில், கொஞ்ச நேரம் அசையாமல் வைத்துப் பார்த்ததற்கான குறிப்பு, அவ்வளவுதான். சாதாரண வாட்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 என்ற சர்வதேசத் தரத்தில் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்தால் போதும். கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும் என்று பலர் சொல்வார்கள், நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் கூடுவது அரை மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தம்கூட இல்லை. ஆளைக் கவிழ்ப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள். வெந்நீர், சோப்பு, வியர்வை, வயது எல்லாம் சேர்ந்து அவற்றைத் தளர்த்திவிடும். என் வாட்சுக்கு முந்தைய வருடம்தான் செல் மாற்றியிருந்தேன். மாற்றியவர் வளையத்தைப் புதிதாகப் போடவில்லை, அழுத்தம் வைத்துப் பார்க்கவும் இல்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் வாட்ச் பைத்தியம் பிடித்தது. முதலில் வாங்கியது கேசியோவின் சதுர ஜி-ஷாக். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், 10 பார் அழுத்தம், 10 வருட பேட்டரி என்று மூன்று பத்துகளை இலக்காக வைத்து கிகுவோ இபே உருவாக்கி, 1983-ல் வெளிவந்த வாட்சின் வாரிசு அது. மாடிப்படியில் இரண்டு முறை உருண்டிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. முரட்டு வேலைக்கு இதை மிஞ்ச எனக்கு வேறு கிடைக்கவில்லை. ஆனால் முள் ஓடுவதைப் பார்க்கும் சுகம் அதில் ஏது?

அந்தச் சுகத்துக்காகத்தான் சீக்கோ எஸ்.கே.எக்ஸ். 007. 200 மீட்டர், திருகி மூடும் சாவி (நேரம் மாற்ற இழுக்கும் பக்கவாட்டுக் குமிழ்), அதுவும் மணிக்கட்டில் குத்தாதபடி 4 மணிப் பக்கம். இது ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தில் வரும் முக்குளிப்பு வாட்ச். இந்தத் தரத்தில் மாதிரி எடுக்கும் பேச்சே இல்லை, ஒவ்வொரு வாட்சையும் போட்ட ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தள்ளி நேரம் தெரிய வேண்டும், வாட்ச் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும் (நொடி முள்ளில் அந்த ஒளிப்பொட்டு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது). டயலைச் சுற்றியுள்ள நிமிட வளையம் ஒரே திசையில்தான் சுழலும், ஏனென்றால் எங்காவது இடித்து நகர்ந்தாலும் தண்ணீருக்குள் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டி ஆளைக் கொல்லாது. ஸ்ட்ராப்பில் மடிப்பு மடிப்பாக இருப்பதும் அழகுக்கு இல்லை. ஆழத்தில் முக்குளிப்பு உடை அழுந்தி மெலியும், அப்போது வாட்ச் கையில் தொளதொளக்காமல் அந்த மடிப்புகள் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். நான் அந்த வளையத்தைத் திருகுவது பெரும்பாலும் துணி துவைக்கும் மெஷினுக்கு நேரம் பார்க்கத்தான், அது வேறு கதை.

ஆசை விடவில்லை. 1000 மீட்டர், ஹீலியம் வால்வு வைத்த ஒன்றையும் நண்பரிடம் வாங்கி ஒரு மாதம் கட்டிப் பார்த்தேன். சட்டைக் கைக்குள் நுழையவே நுழையாது, மேசையில் கை வைத்தால் முதலில் மோதுவது அதுதான். அந்த வால்வும் தண்ணீருக்குள் பயன்படுவது இல்லை. ஹீலியம் கலந்த காற்றை நிரப்பிய அறையில் நாள் கணக்கில் தங்கி ஆழ்கடலில் வேலை செய்பவர்களின் வாட்சுக்குள் அந்த வாயு மெல்லப் புகுந்துவிடும், அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியேற வழியில்லாமல் கண்ணாடியைத் தெறிக்கவிடும், அதற்காக வைத்தது. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு எல்லையே 40 மீட்டர், நானோ 5 மீட்டரைத் தாண்டியதில்லை. ஒரு மாதம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் அந்த 30 மீட்டர் வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், மழையில் நனையலாம். நீந்த வேண்டுமென்றால் குறைந்தது 100 மீட்டர் வாட்சாகப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த வாட்சாக இருந்தாலும் தண்ணீருக்குள் சாவியை இழுக்கக் கூடாது, செல் மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் மாற்றி அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெட்டிச் செய்தியாக நாலு வரி போதும்.

இப்படிக்கு,
வாட்ச் பித்துப் பிடித்த ஒரு வாசகன்