யாருக்கும் வேண்டாத வக்காலத்து: ஓர் இளம் வக்கீலுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய நீளமான மெசேஜைப் படித்தேன். ஊரே திட்டிக்கொண்டிருக்கும் ஒருவனின் அம்மா உன்னிடம் வந்து வக்காலத்துப் போடச் சொல்லி அழுகிறார். கூட இருக்கும் ஜூனியர்கள் இதைத் தொட்டால் உன் தொழில் அவ்வளவுதான் என்கிறார்கள். யாரும் அவனுக்காக ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கத்தில் தீர்மானம் போடப் போவதாகவும் பேச்சு. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ஜனநாயகத்தைக் காப்பாற்றத்தான் சட்டம் படித்தேன், இந்த மாதிரி ஆட்களைக் காப்பாற்ற இல்லை என்று முடித்திருந்தாய். அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். உன் பெயரைச் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதே குழப்பத்தில் இன்னும் பல பேர் இருப்பார்கள்.

தம்பி, நீ சொல்கிற இரண்டும் ஒரே வேலைதான். மேடையில் சட்டத்தின் ஆட்சி என்று முழங்குகிறோமே, அது கோர்ட்டுக்குள் வரும்போது ரொம்பச் சின்னதாக ஆகிவிடும். அரசாங்கம் ஒருவனைப் பிடித்தால் எப்போது பிடித்தாய், எதற்குப் பிடித்தாய், என்ன ஆதாரம் வைத்திருக்கிறாய் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பதில் சரியில்லை என்றால் விடச் சொல்ல, அரசாங்கத்துக்குப் பயப்படாத ஒரு நீதிபதி வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கேட்கிற ஆள் இல்லாவிட்டால், எவ்வளவு நேர்மையான நீதிபதியானாலும் ஒரு தரப்பு நீட்டுகிற காகிதத்தை மட்டும் படித்துவிட்டுத்தான் உத்தரவு போட வேண்டியிருக்கும்.

கிடியன் வழக்கு கல்லூரியில் படித்திருப்பாய், தீர்ப்பை மட்டும் படித்திருப்பாய். 1961-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பூல் விளையாட்டுக் கூடம் ஒன்றில் புகுந்து திருடியதாக கிளாரன்ஸ் கிடியன் மேல் வழக்கு. வக்கீல் வைக்கப் பணமில்லை, கோர்ட்டும் வைத்துத் தர மறுத்துவிட்டது. தானே வாதாடினார், 5 வருடம் தண்டனை. சிறையிலிருந்து பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார், கடுமையான குற்ற வழக்குகளில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று 1963-இல் தீர்ப்பு வந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்த மறுவிசாரணை. அன்று காலை கிடியனை ஏற்றிச் சென்ற டாக்ஸி ஓட்டுநர், என்னை ஏற்றிவந்ததை யாரிடமும் சொல்லாதே என்று அவர் தன்னிடம் சொன்னதாகச் சாட்சி சொன்னார். கேட்டால் குற்றவாளி பேசுகிற மாதிரியே இருக்கிறது, இல்லையா? இந்தத் தடவை கிடியனுக்கு வக்கீல் இருந்தார். இதற்கு முன்னால் எப்போதாவது உங்களிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். ஆமாம், ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், வீட்டில் மனைவியோடு ஏதோ பிரச்சினை என்றார் ஓட்டுநர். அந்தச் சாட்சியத்தின் பலம் அங்கேயே போய்விட்டது. ஜூரி விடுதலை செய்தது. அதே ஆள், அதே குற்றச்சாட்டு, நடுவில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கிடியன் ஏழை, அவர்மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை, உன் ஆள் அப்படி இல்லையே என்பாய். அதற்கும் வருகிறேன். 1792-இல் லண்டனில் தாமஸ் பெய்ன் என்ற எழுத்தாளர் மேல் அரசைப் பழித்து எழுதியதாக வழக்கு. பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரம், அதை ஆதரித்த அவர்மேல் இங்கிலாந்தே கடுப்பில் இருந்தது. அவருக்காக ஆஜரான தாமஸ் எர்ஸ்கின் அப்போது இளவரசரின் சட்ட அதிகாரியாகப் பதவியில் இருந்தவர். எடுக்காதே என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுத்தார், தோற்றார், பதவியும் போனது. ஆனால் அன்று கோர்ட்டில் அவர் சொன்ன வாதம் இன்றுவரை நம் தொழிலின் முதல் பாடம். குற்றச்சாட்டைப் பற்றித் தனக்கு இருக்கும் அபிப்பிராயத்தை வைத்து ஒரு வக்கீல் வழக்கை மறுக்கலாம் என்று வந்துவிட்டால், அவர் விசாரணைக்கு முன்பே நீதிபதியாகிவிடுகிறார் என்றார். அதிலும் பெரிய வக்கீல் மறுத்தால், அந்த மறுப்பே குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சாட்சியம் மாதிரி ஆகிவிடும்.

உன் சங்கத்தில் தீர்மானம் என்றாயே, அதைத்தான் யோசித்துப் பார். இத்தனை வக்கீல்கள் சேர்ந்து கைவிட்ட ஒருவனை நீதிபதி எந்தக் கண்ணால் பார்ப்பார்? இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் முகமது ரஃபி வழக்கில் இதை நேராகவே சொன்னது: இப்படிப்பட்ட தீர்மானங்கள் அரசியலமைப்புக்கும் தொழில் தர்மத்துக்கும் எதிரானவை, செல்லாது. அந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது. வேடிக்கை என்னவென்றால், அங்கே ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் முடிவெடுத்தது தீவிரவாதிகள் விஷயத்தில் இல்லை, போலீஸ்காரர்கள் விஷயத்தில். வெறுப்பு இடம் மாறிக்கொண்டே இருக்கும் தம்பி. இன்று இவன், நாளை வேறு யாரோ.

ஜனநாயகத்தை உடைக்க நினைப்பவர்கள் வக்கீல்கள்மேல் ஏன் முதலிலேயே கை வைக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறாயா? ஹான்ஸ் லிட்டன் என்று ஒரு பெர்லின் வக்கீல். 1931-இல் நாஜிக் கட்சியின் அடியாட்படை ஒரு நடன அரங்கில் தொழிலாளர்களைத் தாக்கிய வழக்கில், பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் ஹிட்லரைச் சாட்சிக் கூண்டுக்கு வரவழைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். எங்கள் கட்சி சட்டப்படி நடக்கிற கட்சி என்று ஹிட்லர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. அப்படியானால் உங்கள் பிரச்சாரப் பொறுப்பாளர் எழுதியதில் வன்முறைக்கு ஏன் அழைப்பு இருக்கிறது என்கிற ரீதியில் லிட்டன் கேட்கக் கேட்க, அவர் நிதானமிழந்து கத்தினார். லிட்டனுக்கு அப்போது வயது 27. ஹிட்லர் அந்த நாளை மறக்கவில்லை. 1933 பிப்ரவரியில் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த இரவே லிட்டனைப் பிடித்தார்கள். முகாம் முகாமாக இழுத்தடிக்கப்பட்டு 1938-இல் டாக்காவ் முகாமில் இறந்தார்.

லிட்டனைப் பிடித்த சில வாரங்களிலேயே, 1933 ஏப்ரலில், யூத வக்கீல்களின் உரிமத்தைப் பறிக்க ஒரு சட்டம் வந்தது. அந்த நாட்டில் மற்ற வக்கீல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வாய் திறக்கவில்லை, சிலருக்கு அந்த யூத வக்கீல்களிடம் இருந்த வழக்குகள் தங்களிடம் வருமே என்ற கணக்கும் இருந்தது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யூதர்களை ஒட்டுமொத்தமாக அழிக்க 1942-இல் வான்சே மாளிகையில் உட்கார்ந்து திட்டம் பேசிய 15 பேரில் பலர் சட்டம் படித்தவர்கள். கறுப்பு அங்கி போட்டவுடன் யாரும் ஜனநாயகக் காவலர் ஆகிவிடுவதில்லை.

இதை ரொம்பப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் பாகிஸ்தானைப் பார். 2007 மார்ச்சில் ராணுவ ஆட்சியாளர் முஷாரஃப் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரியைப் பதவியிலிருந்து ஒதுக்கினார். நாடு முழுக்க வக்கீல்கள் தெருவுக்கு வந்தார்கள், கோட்டும் டையுமாக போலீஸிடம் அடி வாங்கினார்கள். சௌத்ரியை இஸ்லாமாபாத்திலிருந்து லாகூருக்குக் காரில் அழைத்துப்போனபோது, சில மணி நேரப் பயணம் கூட்டத்தால் ஒரு நாளைத் தாண்டியது. இரண்டு வருடப் போராட்டத்துக்குப் பின் 2009-இல் அவர் மீண்டும் பதவிக்கு வந்தார். உலகமே பாராட்டியது, நானும் பாராட்டியவன்தான். ஆனால் 2011 ஜனவரியில், மத நிந்தனைச் சட்டத்தை விமர்சித்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை அவருடைய பாதுகாவலரே சுட்டுக் கொன்றபோது, கோர்ட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தக் கொலையாளிமேல் ரோஜா இதழ் தூவியவர்களும் வக்கீல்கள்தான்.

முல்தானில் ரஷீத் ரஹ்மான் என்ற வக்கீல் இருந்தார். மத நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பல்கலைக்கழக ஆசிரியருக்காக, வேறு யாரும் முன்வராத நிலையில், வக்காலத்துப் போட்டார். அடுத்த வாய்தாவுக்கு நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று நீதிபதி முன்னாலேயே அவரை மிரட்டினார்கள். 2014 மே மாதம் அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஊர்வலத்தில் நடந்த ஆயிரக்கணக்கானவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ கேட்ட ஜனநாயகப் பாதுகாப்பு எது என்று என்னைக் கேட்டால், நான் முதலில் காட்டுவது அந்த அலுவலகத்தைத்தான். ஊர்வலத்தில் கூட்டம் உன்னோடு நடக்கும். இந்த மாதிரி வழக்கில் கூட்டம் உனக்கு எதிரே நிற்கும்.

எடுக்க வேண்டிய வழக்கு இருக்கிற மாதிரி, திருப்பிக் கொடுக்க வேண்டிய வழக்கும் உண்டு. 1975-இல் இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானவர் நானி பல்கிவாலா. அதுவரை அதில் தவறே இல்லை, பிரதமருக்கும் வக்கீல் வேண்டும். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் அவர் அந்த வழக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்சிக்காரரை, அதாவது வழக்கைக் கொடுத்தவரை, பிடிக்கவில்லை என்பதற்காக விட்டதாக நான் இதைப் படிக்கவில்லை. நீதிமன்றத்தின் கதவையே சாத்தப் பார்ப்பவரின் பக்கத்தில் நிற்க முடியாது என்றுதான் படிக்கிறேன். அடுத்த வருடம், பிடித்துவைத்திருப்பவரைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு வழக்கில், போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டபோது, நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் போனார்கள், கன்னா மட்டும் மாறுபட்டார், தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் ஒதுக்கித் தள்ளியது. அந்த 41 வருடமும் அந்த வாதத்தை உயிரோடு வைத்திருந்தது, நெருக்கடிக்கு நடுவிலும் அன்று மனுப் போட்டு வாதாடிய வக்கீல்கள் விட்டுப்போன பதிவு.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு என்ன பதில் என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. அவர்களுக்கு வேண்டியது மேல்முறையீட்டில் நிற்கிற தீர்ப்பு. வக்கீலே இல்லாமல் நடந்த விசாரணையில் கிடைக்கும் தண்டனை நிற்காது, திரும்ப முதலிலிருந்து நடக்கும், அந்தக் குடும்பம் திரும்பவும் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். நீ ஒழுங்காக நடத்தினால் அவர்களுக்கும் அது நல்லதுதான். அதற்காக அவர்களைக் கூண்டில் வைத்து அவமானப்படுத்தலாம் என்று அர்த்தமில்லை. பொய்ச் சாட்சி தயார் செய்யாதே. டிவி மைக் நீட்டினால், அவன் நிரபராதி என்று உனக்கே தெரியாததைச் சொல்லிக்கொண்டு நிற்காதே. வக்கீலைக் கட்சிக்காரரோடு சேர்த்து அடையாளப்படுத்தக் கூடாது என்று ஐ.நா. 1990-இலேயே ஒரு கோட்பாடு வகுத்திருக்கிறது. நாமே அவனுடைய பேச்சாளர் மாதிரி நடந்துகொண்டால் அந்தக் கோட்பாட்டை வைத்து என்ன செய்வது?

பயமாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொண்டிருக்கிறாய், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2025-இல் அமெரிக்க அதிபர் தனக்குப் பிடிக்காத வழக்குகளை நடத்திய பெரிய சட்ட நிறுவனங்களைக் குறிவைத்து உத்தரவுகள் போட்டபோது, பணமும் செல்வாக்கும் உள்ள சில நிறுவனங்களே சமரசத்துக்குப் போய்விட்டன. நான்கு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. நான்கிலும் முதல்நிலை நீதிபதிகள் அந்த உத்தரவுகளைச் செல்லாது என்றார்கள். சண்டைக்குப் போனவர்களுக்குத்தான் தீர்ப்புக் கிடைத்தது. ஆனால் நீ தனி ஆள், அதனால் தனியாகப் போகாதே. சீனியர் ஒருவரையாவது வக்காலத்தில் கூடக் கையெழுத்துப் போடச் சொல். யாரும் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். சங்கத்தில் தீர்மானம் வந்தால் கூச்சல் போடாமல் எழுந்து உன் எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்யச் சொல், அது போதும்.

வழக்குக்கு வருகிறேன். நீ அனுப்பிய காகிதங்களில் கைது நேரம் மாலை என்று இருக்கிறது, அவனுடைய அம்மா காலையிலேயே கூட்டிப் போனதாகச் சொல்கிறார். இடைப்பட்ட நேரத்தில் எங்கே இருந்தான்? ரிமாண்டின்போது உடலில் காயம் இருக்கிறதா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டாரா, கேட்டிருந்தால் அது உத்தரவில் பதிவாகியிருக்கிறதா? வீட்டுக்குத் தகவல் சொன்னதற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா, அந்தக் கையெழுத்து யாருடையது? முதலில் இந்த நகல்களுக்கு மனுப் போடு. ஜாமீனைப் பற்றி அப்புறம் பேசலாம், நகல் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அண்ணன்